எழுத்துக்கு முன் ஒலி: பாலர் வகுப்பறையில் செவிக்கும் ஒரு பயிற்சி வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் கல்விக்கு அளிக்கும் முதன்மை பற்றிப் புதிதாக எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. விஜயதசமி நாளிலோ தைப்பூசத்திலோ பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குகின்றோம். முஸ்லிம் இல்லங்களில் பிள்ளை அலிபு, பே எனத் தொடங்கி ஓதப் பழகுகின்றது. இவ்விரு மரபுகளையும் உற்று நோக்கின் ஓர் ஒற்றுமை புலப்படும். முதலில் பெரியவர் ஒலிக்கின்றார். பிள்ளை அதனைக் கேட்டுத் திருப்பிச் சொல்கின்றது. அதன் பின்னரே விரல் எழுத்தின் மீது செல்கின்றது. ஒலி முன்னும் எழுத்து பின்னுமாக வருவதே இரு மரபுக்கும் பொதுவான ஒழுங்கு.

ஆனால் இன்றைய முன்பள்ளிகள் பலவற்றில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொப்பியும் பென்சிலும் திணிக்கப்படுகின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளை உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிவிட்டதா என்பதே பெற்றோரின் கவலையாக உள்ளது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் பாலர் வகுப்பு வரை நீண்டு கிடப்பதை எவரும் மறுக்க முடியாது. இதன் விளைவு யாது? "அ, ஆ, இ, ஈ" என்று மூச்சு விடாமல் ஒப்புவிக்கும் பிள்ளை, "பால்" என்ற சொல்லைக் கண்டதும் திகைத்து நிற்கின்றது. எழுத்துக்களை அறிந்த பிள்ளைக்கு அவை எந்த ஒலிகளுக்காக நிற்கின்றன என்பது தெரியவில்லை. அத்தகைய பிள்ளையின் நெற்றியில் "மொக்கு" என்ற முத்திரையைக் குத்திவிடுவது எமது சமூகத்திற்கு மிக எளிதான காரியம். ஆறு வயதிற் குத்தப்படும் அந்த முத்திரை பதினாறு வயதிலும் அழிவதில்லை.

இக்குறையைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் வழியொன்று உண்டு. அதற்குக் கட்டடமோ கணினியோ வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களும், ஆசிரியையின் குரலும், பிள்ளையின் செவியும் போதும். கல்வியியலாளர் இதனை ஒலியன் விழிப்புணர்வுப் பயிற்சி என்பர். அது யாது, அதனை எமது வகுப்பறைகளில் எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

ஒலியன் விழிப்புணர்வு என்றால் என்ன?

பேசும் சொல் தனித்தனி ஒலிகளால் ஆனது என்பதை உணர்வதும், அவ்வொலிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் மாற்றவும் வல்லமை பெறுவதுமே ஒலியன் விழிப்புணர்வு ஆகும். இங்கு எழுத்து வடிவத்திற்கு இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய காரியம் இது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம். "மாடு" என்ற சொல்லிலிருந்து "மா" என்பதை எடுத்துவிட்டால் எஞ்சுவது "டு". இது அசையளவில் நிகழும் பிரிப்பு. நான்கு வயதுப் பிள்ளைகள் பலர் இதனைச் செய்துவிடுவர். அதே சொல்லிலிருந்து "ம்" என்ற ஒலியை மாத்திரம் எடுத்துவிட்டால் எஞ்சுவது "ஆடு". இது ஒலியனளவில் நிகழும் பிரிப்பு. மாட்டிலிருந்து ஆடு வெளிவருவதைச் செவியால் கண்டுபிடிக்கும் பிள்ளை, வாசிப்பின் திறவுகோலைக் கையில் எடுத்துவிட்டது எனலாம்.

எழுத்தை மாத்திரம் நோக்கும் பிள்ளைக்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படாது. ஏனெனில் "மா" என்ற வரிவடிவத்திற்குள் "ஆ" என்ற வடிவம் தென்படுவதில்லை. "கேணி" என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. ஆனால் செவிக்கு முதலிற் கேட்பது "க்" என்ற மெய்யொலி. கண் காணும் ஒழுங்கும் செவி கேட்கும் ஒழுங்கும் இவ்வாறு மாறுபடும் இடங்களில், செவியில் தெளிவு பெற்ற பிள்ளையே தடுமாறாது செல்லும்.

எமது மரபுக்குப் புதியதன்று

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருத வேண்டியதில்லை. எழுத்து என்ற சொல்லாலேயே ஒலியையும் வரிவடிவத்தையும் குறித்தவர்கள் எமது இலக்கண ஆசிரியர்கள். ஒலி வடிவமே முதன்மையானது, வரிவடிவம் அதற்கு ஏற்பட்ட அடையாளம் என்பது அவர்களது கொள்கை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், ஒவ்வோர் ஒலியும் நா, பல், இதழ், அண்ணம் ஆகியவற்றின் எத்தகைய முயற்சியாற் பிறக்கின்றது என்பதையே விரித்துரைக்கின்றது. உயிர் 12, மெய் 18 ஆகிய 30 ஒலிகளையே முதலெழுத்து என்றனர். உயிர்மெய் 216 உம் இவற்றின் கூட்டத்தாற் பிறப்பன. 216 வடிவங்களையும் தனித்தனியே நெட்டுருப் போடும் பிள்ளைக்கும், 30 ஒலிகளின் சேர்க்கையை உணர்ந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு சுமை தூக்குபவனுக்கும் வண்டி ஓட்டுபவனுக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

மெய்யெழுத்தின் தலையில் நாம் இடும் புள்ளியும் இவ்வகையில் ஒரு பெருங்கொடையே. "இங்கே உயிரொலி இல்லை" என்று அப்புள்ளி பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றது.

முஸ்லிம் மக்களின் ஓதல் மரபும் இதே அடிப்படையில் அமைந்தது. தஜ்வீத் கலையில் மக்ரஜ் எனப்படுவது ஒலி பிறக்குமிடம். ஸீன், ஸாத், ஷீன் ஆகிய மூன்றையும் செவியாலும் நாவாலும் வேறுபடுத்தப் பழகாமல் குர்ஆன் ஓதலில் முன்னேற இயலாது. மெய்யெழுத்தோடு உயிர்க்குறியைச் சேர்த்து ஒலித்துப் பழகும் மத்ரஸாப் பிள்ளை, உண்மையில் ஒலிகளை இணைக்கும் பயிற்சியையே பெறுகின்றது. அரபு எழுத்துக்களிற் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கும் வடிவம் கண்ட அரபுத் தமிழ் முன்னோர் எத்துணை நுண்ணிய செவியுடையவராய் இருந்திருத்தல் வேண்டும்! தொல்காப்பியரின் பிறப்பியலும் தஜ்வீதின் மக்ரஜும் இருவேறு மொழிகளில் ஒரே உண்மையைப் பேசுகின்றன.

வண்ணார்பண்ணையில் 1848 ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளின் படிநிலைக்கு ஏற்பப் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லுதல் என்ற அந்த நெறியை, எழுத்துக்கு முந்திய ஒலிப் பயிற்சிக்கும் நாம் விரிவாக்கிக்கொள்ளலாம்.

ஆய்வுகள் கூறுவன

பிரித்தானியாவில் பிராட்லி, பிரையன்ற் ஆகிய இருவரும் 1983 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். நான்கு, ஐந்து வயதுடைய சுமார் 400 பிள்ளைகளை அவர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். ஒத்த ஓசையுள்ள சொற்களை இனங்காண்பதில் வல்லமை காட்டிய பிள்ளைகளே பின்னர் வாசிப்பிலும் எழுத்துக் கூட்டலிலும் முன்னேறினர். அவர்களுள் 65 பேரைப் பிரித்து வெவ்வேறு பயிற்சிகள் அளித்தபோது, ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்ரிக் எழுத்துக்களையும் கையாண்ட பிரிவினரே மிகுந்த பயன் பெற்றனர்.

டென்மார்க்கின் போர்ண்கோம் தீவில் லுண்ட்பெர்க் குழுவினர் நடத்தி 1988 இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. வாசிக்கத் தொடங்காத ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ எட்டு மாத காலம் நாள்தோறும் ஒலி விளையாட்டுக்கள் மாத்திரம் கற்பிக்கப்பட்டன. அப்பிள்ளைகள் பாடசாலை சென்ற பின் வாசிப்பிலும் எழுத்துக் கூட்டலிலும் ஏனையோரை விஞ்சினர். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதனை வழிமொழிந்தது. சிறு குழுக்களாகப் பயிற்றுவித்தல், ஒரே நேரத்தில் ஓரிரு திறன்களில் மாத்திரம் கவனஞ் செலுத்துதல், விரைவில் எழுத்தோடு இணைத்தல் ஆகியன கூடுதற் பயன் தரும் என்றும், மொத்தமாக 20 மணித்தியாலத்திற்குக் குறைந்த பயிற்சியே போதுமானது என்றும் அவ்வறிக்கை காட்டியது.

இவை ஐரோப்பிய மொழிகளுக்கு உரியவை, தமிழுக்குப் பொருந்துமா என்ற வினா நியாயமானதே. கன்னடம் பயிலும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007 இல் சொனாலி நாக் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை தருகின்றது. உயிர்மெய் முறையில் எழுதப்படும் மொழிகளைக் கற்கும் பிள்ளைகளிடம் அசை உணர்வு விரைவாகவும் ஒலியன் உணர்வு மிக மெதுவாகவும் தோன்றுகின்றது என்பது அவரது கண்டுபிடிப்பு. தமிழும் அத்தகைய எழுத்து முறை உடையதே. எனவே எமது பிள்ளைகளுக்கு அசையிலிருந்து ஒலிக்குப் பாலமொன்று அமைத்துக் கொடுப்பது கூடுதலாகத் தேவைப்படுகின்றது. தரம் 3 இல் ஆங்கிலம் ஒரு பாடமாக வந்து சேரும்போதும் இந்தப் பாலமே துணை நிற்கும்.

வகுப்பறைச் செயற்பாடுகள்

கீழ்வரும் செயற்பாடுகள் எளியதிலிருந்து அரியதாக ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. முதல் மூன்றும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும், அடுத்தவை ஐந்து வயதினருக்கும், இறுதியானவை தரம் 1, தரம் 2 மாணவருக்கும் ஏற்றவை. ஒன்றில் பிள்ளை தேர்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும்.

1. கேட்டறிதல். பிள்ளைகளைக் கண்ணை மூடி இருக்கச் செய்து, ஒரு நிமிடத்தில் அவர்கள் கேட்ட ஒலிகளைச் சொல்லச் செய்யலாம். கோயில் மணி, பள்ளிவாசலின் பாங்கொலி, சைக்கிள் மணி, தேங்காய் துருவும் ஓசை, பனையோலை உரசும் ஓசை, காகத்தின் கரைதல் என எமது சூழலில் ஒலிகளுக்குப் பஞ்சமில்லை. எது முதலிற் கேட்டது, எது இறுதியிற் கேட்டது என்ற வினாவைச் சேர்த்தால் ஒழுங்குணர்வும் வளரும்.

2. கைதட்டிப் பிரித்தல். "நல்-லூர்" என்பதற்கு இரு தட்டு. "வே-ல-ணை" என்பதற்கு மூன்று தட்டு. பிள்ளைகள் தத்தம் பெயருக்கு எத்தனை தட்டு என்று கண்டறிவர். சிறுவர் தமக்குள் இரகசியமாய்ப் பேசும் க-பாஷையும் இவ்வகையினதே. ஒவ்வோர் அசைக்கும் முன்னால் "க" சேர்ப்பதற்குச் சொல்லை அசை அசையாகப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனைக் குறும்பு என்று கண்டிக்காது பாடமாக்கிக்கொள்வது அறிவுடைமை.

3. ஓசை ஒப்புமை. குடாநாட்டின் ஊர்ப்பெயர்களே இதற்குச் சிறந்த பாடநூல். மானிப்பாய், கோப்பாய், சண்டிலிப்பாய் என்று ஆசிரியை சொல்லி நிறுத்த, இவற்றின் இறுதியில் ஒரே மாதிரிக் கேட்பது என்ன என்று பிள்ளைகள் கூறுவர். கொக்குவில், இணுவில், கோண்டாவில், மிருசுவில் என்பது இன்னொரு வரிசை. பின்னர் "இணுவில், கோண்டாவில், கோப்பாய்" என்று கூறி, கூட்டத்தில் சேராத ஊர் எது என்று வினவலாம். எலி, புலி, வலி எனவும், மரம், கரம், வரம் எனவும் சிறு சொற்களாலும் இதனைத் தொடரலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள் போன்ற ஓசை நயம் மிக்க பாடல்களை நாள்தோறும் பாடுவித்தல் இப்படிக்கு உரமூட்டும்.

4. முதல் ஒலியைக் கண்டுபிடித்தல். பனையோலைக் குட்டான்கள் இரண்டை வைத்து, ஒன்று "ப்" ஒலிக்கும் மற்றையது "ம்" ஒலிக்கும் என ஒதுக்குக. பாக்கு, புளி, பூ, பேனை, பனங்கட்டி ஆகியன ஒரு குட்டானுக்கும், மாங்காய், மிளகாய், முருங்கைக்காய், மணி ஆகியன மற்றையதற்கும் செல்லும். இங்கு கவனிக்க வேண்டியது, "ப" என்ற ஒரே உயிர்மெய்யில் தொடங்கும் பொருட்களை மாத்திரம் எடுக்காது, ப, பா, பு, பூ, பே என வேறுபட்டவற்றை எடுப்பதாகும். அப்போதுதான் எல்லாவற்றிலும் பொதுவாக நிற்கும் "ப்" பிள்ளையின் செவிக்குத் தனித்துக் கேட்கும். இதனையே பஸ் விளையாட்டாகவும் நடத்தலாம். நடத்துநராக நிற்கும் பிள்ளை "க் பஸ் புறப்படுகிறது" என்று கூவ, கரவெட்டி, காரைநகர், கீரிமலை, கொக்குவில், கோப்பாய், கைதடி என்ற ஊர்க்காரர் ஏறலாம். நல்லூரும் சுன்னாகமும் ஏற முடியாது.

5. ஈற்றொலி. கல், பல், நெல் ஆகியவற்றின் இறுதியில் "ல்". கண், மண், ஆண் ஆகியவற்றின் இறுதியில் "ண்". இதில் தேர்ந்தவர்க்கு அந்தாதி விளையாட்டுப் பொருந்தும். ஒருவர் சொன்ன சொல்லின் இறுதி எழுத்தை முதலாகக் கொண்டு மற்றவர் சொல் கூறுவார். மழை நாளில் வகுப்பை மகிழ்ச்சியாக வைத்திருக்க இதனினும் நல்ல வழி இல்லை.

6. குறிலும் நெடிலும். ஒரு மாத்திரையைக் கண்ணிமைத்தலாலும் கைநொடித்தலாலும் அளந்தவர் எமது முன்னோர். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரு நொடி என விரலைச் சொடுக்கிப் பழக்கலாம். பனை, பானை. கல், கால். படம், பாடம். மலை, மாலை. தடி, தாடி. படங்களைக் காட்டி, சொல்லைக் கேட்டதும் உரிய படத்தைத் தொடச் செய்தல் வேண்டும். குறில் நெடில் மயக்கத்தால் நிகழும் எழுத்துப் பிழைகளிற் பல இங்கேயே களையப்பட்டுவிடும்.

7. ஒலிகளை இணைத்தல். மெதுவாகப் பேசும் பொம்மை ஒன்றைச் செய்து, அது பேசுவதைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும் எனலாம். பொம்மை "ப்…ஊ" என்றால் பூ. "ந்…ஈ" என்றால் நீ. தமிழில் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்கிடுகின்றது. அவற்றுட் பூ, தீ, வா, போ, நீ, கை, பை, மை போன்றவை பிள்ளை நன்கறிந்த சொற்கள். இரண்டே ஒலிகளாலான முழுச் சொற்கள் இத்தனை இருப்பது தமிழாசிரியருக்குக் கிடைத்த வாய்ப்பு. இவற்றின் பின் கல், பால், மண் என மூன்று ஒலிச் சொற்களுக்குச் செல்லலாம்.

8. ஒலிகளைப் பிரித்தல். ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் வகுத்த பெட்டி முறையை இங்கு கையாளலாம். மணலில் மூன்று கட்டங்கள் கீறி, கொக்கான் வெட்டும் கற்களில் மூன்றைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். ஆசிரியை "பால்" என்று சொல்ல, பிள்ளை "ப்", "ஆ", "ல்" என ஒலித்து ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கல்லை ஒரு கட்டத்தினுள் தள்ளும். எழுதினால் இரண்டெழுத்து, ஒலித்தால் மூன்று ஒலி என்ற உண்மையைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். புளியங்கொட்டையும் இதற்கு உதவும். மூன்றில் தேர்ந்த பின் "மரம்" போன்ற ஐந்து ஒலிச் சொற்களைக் கொடுக்கலாம்.

9. நீக்குதலும் மாற்றுதலும். இதுவே உச்சப் படி. மாடு என்பதில் "ம்" நீங்கினால் ஆடு. மலை என்பதில் "ம்" நீங்கினால் அலை. தடி என்பதில் "த்" நீங்கினால் அடி. நிலை என்பதில் "ந்" நீங்கினால் இலை. அடுத்து ஒலிச் சங்கிலி. கல், கால், பால், பாய், வாய், வால் என்ற வரிசையில் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலி மாத்திரமே மாறுகின்றது. எந்த ஒலி மாறியது என்று பிள்ளை சொல்ல வேண்டும். இப்படியில் எழுத்தட்டைகளையும் கையில் கொடுத்துவிட்டால், ஒலியும் எழுத்தும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

அம்மாவும் உம்மாவும்

1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டமை எமது வரலாற்றின் ஆறாத வடு. குறுகிய அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டகன்றவர்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வளர்ந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகள் மரநிழலில் நடந்தன. அந்தக் காலத்துப் பிள்ளைகளே இன்றைய பெற்றோர். தாம் இழந்த தொடக்கக் கல்வியைத் தம் பிள்ளைகளுக்குக் குறைவின்றிக் கொடுக்க அவர்கள் விழைகின்றனர். சோனகத் தெருவிலும் அயலிலும் மீளக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரும் இடங்களில் ஆசிரியர்க்கு ஓர் அரிய வாய்ப்பு உள்ளது.

"அம்மா", "உம்மா" என்ற இரு சொற்களையும் வகுப்பிலே ஒலித்துப் பாருங்கள். முதல் ஒலி ஒன்று மாத்திரமே வேறு. எஞ்சிய அனைத்தும் ஒன்றே. ஒலியன் என்றால் என்ன என்பதை விளக்க இதனைவிடப் பொருத்தமான சோடியை எந்த நூலிலும் தேட வேண்டியதில்லை. யாழினிக்கும் யூசுப்புக்கும் முதல் ஒலி ஒன்றே. மதுராவுக்கும் மர்யமுக்கும் அவ்வாறே. பெயர்களை வைத்து ஆடும் விளையாட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் இடம்பெற வேண்டும். அவை வீட்டில் ஒலிக்கப்படுவது போலவே வகுப்பிலும் ஒலிக்கப்பட வேண்டும். ஹஸனை "அசன்" என்றும் ஸைனபை "சைனம்பு" என்றும் அழைக்கும் ஆசிரியர், அப்பிள்ளையின் செவி நாள்தோறும் பழகிய ஒலி வேறுபாட்டை அழித்துவிடுகின்றார். ஹ, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளை முஸ்லிம் பிள்ளைகள் மற்றவர்க்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு நாளை வகுப்பில் ஏற்படுத்தலாம். கற்பவர் கற்பிப்பவராகும்போது தயக்கம் அகலும்.

தவிர்க்க வேண்டியன

முதலாவது, மெய்யொலிக்கு முன் இகரம் சேர்த்து "இக், இங், இச்" என ஒலிக்கும் வழக்கம். எழுத்தின் பெயரைச் சொல்ல அது உதவலாம். ஆனால் ஒலிகளை இணைக்கும் பயிற்சியில் "இம்", "ஆ" என்று கொடுத்தால் பிள்ளை "இம்மா" என்றே சேர்க்கும். அது பிள்ளையின் தவறன்று. வாயை மூடி "ம்ம்ம்" என நீட்டிக் காட்டுவதே முறை. ம், ந், ல், வ் போன்ற நீட்டக்கூடிய ஒலிகளில் தொடங்கி, க், ட், ப் போன்ற வெடித்து மறையும் ஒலிகளுக்குப் பின்னர் செல்வது நலம்.

இரண்டாவது, சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம். மாடு, காது, பாக்கு போன்றவற்றின் இறுதி உகரம் குறுகி ஒலிப்பதால், அதனைத் தனியொலியாகப் பிரிக்கும்படி சிறு பிள்ளையை வற்புறுத்தலாகாது. பிரித்தற் பயிற்சிக்கு முதலில் மெய்யில் முடியும் சொற்களையே தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பேச்சு வழக்கு. ழகரத்தை ளகரமாக ஒலிப்பது எம்மவரிடையே பரந்து காணப்படும் வழக்கு. வீட்டில் "வாளைப்பளம்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையை வகுப்பில் நகைப்புக்கு உள்ளாக்குதல் கூடாது. வாழை, வாளை என இரண்டையும் மாறி மாறி ஒலித்துக் கேட்கச் செய்தல் போதும். செவி வேறுபாட்டை உணர்ந்தபின் நா தானாகவே வழிக்கு வரும்.

நான்காவது, பரீட்சை மனப்பான்மை. இச்செயற்பாடுகளுக்குப் புள்ளி வழங்குவதும், முதலாம் இடம், இரண்டாம் இடம் எனத் தரப்படுத்துவதும் விளையாட்டின் உயிரைப் போக்கிவிடும். ஆசிரியை அவதானித்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதே உரிய கணிப்பீடு. தரம் 1 இறுதியில் ஒரு பிள்ளை முதல் ஒலியைச் சொல்கின்றதா, மூன்று ஒலிகளை இணைத்துச் சொல்லாக்குகின்றதா, மூன்று ஒலிச் சொல்லைப் பிரிக்கின்றதா என்ற மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தால் போதும்.

ஐந்தாவதாக ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். பல முறை பயிற்றியும் ஒலி வேறுபாட்டை உணராத பிள்ளையைக் கண்டால், முதலிற் சந்தேகிக்க வேண்டியது அதன் அறிவையன்று, அதன் செவியை. அடிக்கடி காதில் சீழ் வடிதலும் சளியடைப்பும் சிறு பிள்ளைகளின் கேட்டலைக் குறைத்துவிடும். அத்தகைய பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துவதும், காலந் தாழ்த்தாது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரை வழிப்படுத்துவதும் ஆசிரியரின் கடமை.

யார் செய்ய வேண்டும்?

வீட்டிலே பெற்றோரும் பேரன் பேத்தியரும் இதனைச் செய்யலாம். சமைக்கும்போது "க் என்று தொடங்கும் மரக்கறி எது?" என வினவுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயும் கீரையும் கையிலேயே உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இவ்விளையாட்டில் முழுமையாகப் பங்குபற்றலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

ஆயினும் முதன்மைப் பொறுப்பு முன்பள்ளி ஆசிரியைகளிடமே சேர்கின்றது. சொற்ப கொடுப்பனவுடன் பணியாற்றும் அவர்களிடம் மேலும் மேலும் எதிர்பார்ப்பது மாத்திரம் நியாயமாகாது. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் பயிற்சிப் பட்டறைகளை நடத்தி, மாகாணக் கல்வித் திணைக்களம் தமிழின் ஒலியமைப்புக்கு ஏற்ற கைந்நூலொன்றை ஆக்கி வழங்குமாயின் அது பெருந்துணையாகும். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நூல்களை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பதாற் பயனில்லை. குறில் நெடிலும், லகர ளகர ழகரமும், உயிர்மெய்யும் ஆங்கிலத்தின் பிரச்சினைகள் அல்ல.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை முன்பள்ளியிலிருந்து வெறுங் கொப்பியோடு திரும்பினால், ஆசிரியை ஒன்றும் கற்பிக்கவில்லை என்று முறையிட விரைய வேண்டாம். அன்று என்ன விளையாடினாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். மாட்டுக்குள் ஆடு ஒளிந்திருக்கிறது என்று அது கூறுமாயின், அன்றைய பாடம் நன்றாகவே நடந்திருக்கின்றது என்று மனநிறைவு கொள்ளலாம். கொப்பியை நிரப்ப இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. செவியைத் திறப்பதற்குரிய காலமோ குறுகியது. அதனை வீணாக்காதிருப்பது எமது கையிலேயே உள்ளது.